தம்பி வீட்டுப் பக்கத்து ஜன்னல்

என் மனைவியின் வளையல் தானாகக் கழன்று விழுந்த அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. கேப்பை மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறினாள். கண்ணாடி வளையல் நான்கும் குண்டானுக்குள் போய் விழுந்தன. தொண்ணூற்று மூன்றில் எங்கள் கல்யாணத்தன்று அதே அளவு வளையலைச் சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டின் மேல் எனக்கு ஒரு பஞ்சர் கடை. கொஞ்சம் நிலம் உண்டு, மழை பெய்தால் மல்லாட்டை போடுவோம், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் டியூபும் டயரும், அப்புறம் மேல்மலையனூர்க் கோயில் அம்மா. அமாவாசைக்கு அமாவாசை தவறாமல் போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த மாதம் எனக்கு நகரும்.

அப்பா கட்டிய வீட்டை நானும் தம்பியும் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஓர் ஆள் போகிற அளவு சந்து. நாங்கள் படுக்கிற அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல்தான். அதைத் திறந்தால் தம்பி வீட்டு அடுப்பங்கரை தெரியும். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே நாங்கள் தும்முவோம்.

வளையல் விழுந்த பிறகு பார்க்கப் பார்க்க எல்லாமே எனக்கு வித்தியாசமாகப் பட்டது. அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டது எங்கே போகிறது என்று தெரியவில்லை. ராத்திரியில் நாலு தடவை எழுந்து பின்பக்கம் போனாள். குளிக்கிற இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்த்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஊசி போட்டார், டானிக் கொடுத்தார், ரத்தம் டெஸ்ட் எடுத்து வரச் சொல்லிச் சீட்டும் எழுதினார். நான் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக பஸ் ஏறிவிட்டேன். டாக்டரும் லேப்காரரும் கூட்டு என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். நல்லா இருக்கிறவனையும் நோயாளி ஆக்கிவிடுவார்கள் என்பது அப்போது என் எண்ணம்.

கடைக்கு வழக்கமாக வருகிற மினி லாரி டிரைவர் ஒருவர்தான் அந்த வார்த்தையை முதலில் சொன்னார். டயரைக் கழற்றிக்கொண்டே நான் வீட்டு விஷயத்தைப் புலம்பினேன்.

"தின்றாங்க, ஆனா இளைக்கிறாங்க. அப்படித்தானே?" என்றார்.

"ஆமாங்க."

"முடி கொட்டுதா?"

"கொத்துக் கொத்தா."

"அப்ப வேற இன்னா, யாரோ மருந்து வெச்சிட்டாங்க. ஊசியில தீராது அது. வாய்வழியா போனத வாய்வழியாத்தான் எடுக்கணும்."

எங்கள் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காத ஆள் சோற்றிலோ பலகாரத்திலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவதும், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கண்டாச்சிபுரத்துக்கு அப்பால் ஒரு அம்மா இருப்பதாக டிரைவர் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமையே போய்விட்டோம்.

அந்த அம்மா என் மனைவியைப் படுக்க வைத்து வயிற்றில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினாள். மூன்றாவது தடவை உறிஞ்சிவிட்டுக் கிண்ணத்தில் துப்பினாள். சுண்டைக்காய் அளவில், கறுப்பாக, முடி சுற்றிய ஓர் உருண்டை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அழுதாள்.

"யாரும்மா வெச்சது?" என்று கேட்டேன்.

"பேர் சொல்லக் கூடாதுப்பா. ஒறவுதான். பொம்பள. பக்கத்துலயே இருக்குறா, பாத்துக்கினே இருக்குறா."

அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்திலேயே இருப்பவள், பார்த்துக்கொண்டே இருப்பவள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அந்த ஜன்னலைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

தம்பி மனைவி பொங்கலுக்கு ஒரு தூக்கு நிறைய மல்லாட்டை உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். என் மனைவிக்கு அது உயிர். பத்து நாளும் அவள் மட்டுமே தின்று தீர்த்தாள். எங்கள் பெண்ணுக்கு உருண்டை பிடிக்காது, எனக்குக் கடைவாய்ப் பல் கிடையாது. யார் தின்றார்களோ அவர்கள்தானே இளைத்தார்கள் என்று நான் முடிச்சுப் போட்டேன். அந்த உருண்டையில் இருந்தது வெல்லம். அவள் உடம்பு அன்றைக்கு இருந்த நிலைமையில் ஆளை உருக்க அந்த வெல்லமே போதும் என்பதைப் பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கண்டாச்சிபுரத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே ஜன்னலை இழுத்துச் சாத்தி, மேலே ஒரு பலகை வைத்து ஆணி அடித்துவிட்டேன். பலகையின் மேல் எலுமிச்சம் பழமும் மிளகாயும் கட்டினேன். பார்வையும் வரக் கூடாது, அந்தப் பக்கத்துக் காற்றும் வரக் கூடாது. என் மனைவி "புழுங்குதே" என்றாள். "புழுங்கட்டும், உசுரு இருக்குமில்ல" என்றேன்.

ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுத் தம்பி சந்துக்கு வந்துவிட்டான். அவன் கொத்து வேலை செய்கிறவன், சுவரில் ஆணி இறங்குகிற சத்தம் அவனுக்குத் தெரியும்.

"இன்னாண்ணா, ஜன்னலுக்கு ஆணி அடிக்கிற?"

"உன் வீட்டு ஆளக் கேளு. மல்லாட்டை உருண்டையில இன்னா கலந்தான்னு கேளு."

"அண்ணி உடம்புக்கு ஒண்ணுன்னா வயிறு எரியுதுண்ணா எனக்கு. அதுக்காக வாயில வந்ததப் பேசாத," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அந்த அமாவாசைக்கு நான் மேல்மலையனூர் அம்மாவின் முன்னால் நின்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. என் குடும்பத்தைக் கெடுத்தவள் எவளோ, அவள் வயிறும் என் வயிறு போல எரியட்டும் என்று வேண்டினேன். சொன்னது நான்தான், யார் மேலும் பழி போட முடியாது.

பேச்சு இல்லை என்பது பெரியவர்களுக்குத்தான். தம்பிக்கு ஒரே குழந்தை, அப்போது மூன்று வயதுப் பெண். அதற்கு எங்கள் சண்டை தெரியாது. மத்தியானம் அதன் அம்மா சற்றே கண் அசந்தால் போதும், சந்து வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். என் மனைவி தன் தட்டிலிருந்தே அதற்கு ஊட்டுவாள், மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைப்பாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். குழந்தை என்ன பாவம் செய்தது என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மருந்து எடுத்தும் உடம்பு தேறவில்லை. அதோடு இருமலும் சேர்ந்துகொண்டது. மூன்று வாரம், நாலு வாரம் என்று போயிற்று. சாயங்காலமானால் சுரம், விடிந்தால் தலையணை நனைந்திருக்கும். ஜன்னல் அடைத்த அறைதானே, வியர்வை என்று நினைத்தோம். ஒரு நாள் காலையில் அவள் துப்பிய இடத்தில் ரத்தம் தெரிந்தது. திரும்பவும் கண்டாச்சிபுரம் போகலாம் என்று நான் சட்டையை மாட்டினேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் வரல. எடுத்தது போதும். என்னைத் திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறதுன்னா வர்றேன். இல்லன்னா இங்கயே கெடக்குறேன்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சளியைச் சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ரத்தமும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் ஓர் இளவயது டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு வியாதி இருக்குங்க. முதல்ல வந்தது சர்க்கரை. ரொம்ப நாளா இருந்திருக்கு, நீங்க கவனிக்கல. சர்க்கரை ஏறிப் போனா உடம்புல எதிர்த்து நிக்கிற சக்தி கொறைஞ்சிடும். அந்த நேரத்துல டிபி உள்ள பூந்திருக்கு."

"ரெண்டும் ஒட்டுமாங்களா?"

"சர்க்கரை ஒட்டாது. டிபி ஒட்டும். இருமும்போது காத்து வழியா போகும்."

"அப்ப டம்ளர், தட்டெல்லாம்..."

"டம்ளர்ல வராதுங்க. காத்துல வருது. காத்து ஓடுற எடத்துல இருந்தா அவ்வளவு சுலபமா பிடிக்காது. அடைச்ச எடத்துலதான் ஆபத்து."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டாக்டரம்மாவின் மேசையைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. மாத்திரைகளைச் சும்மா கொடுக்கிறார்கள், ஒரு பெட்டியின் மேல் அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள், வாரத்தில் மூன்று நாள் நர்ஸ் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்கிறார்கள். சும்மா கொடுப்பதை ஏன் கண் முன்னால் விழுங்கச் சொல்கிறார்கள்? அவளை வைத்து ஏதோ சோதித்துப் பார்க்கிறார்களோ என்று யோசித்தேன். முதல் தடவை மாத்திரை போட்ட பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று அவள் சொன்னதும் நர்சம்மாவிடம் ஓடினேன். "மாத்திரையோட நெறம்யா அது. மொத நாளே சொன்னேனே, நீ காதுல வாங்கலயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த நர்சம்மாதான் நாலாவது நாள் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாய்யா இது, ஜன்னலுக்குப் பலகை வெச்சி ஆணி அடிச்சிருக்கீங்க? திருடன் பயமா?"

"காத்துக் கருப்பு வராம இருக்கங்க," என்றேன்.

"வெளிய போவ வேண்டியதயும் சேத்து இல்ல உள்ளயே வெச்சிருக்கீங்க. மொதல்ல அதப் புடுங்குங்க."

அவர் நிற்கும்போதே கடப்பாரை கொண்டு வந்து பலகையை நெம்பி எடுத்தேன். எதிர்ச் சுவரின் அடுப்பங்கரை ஜன்னலில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டாள்.

நர்சம்மா நோட்டைத் திறந்தார். எங்கள் பெண்ணைப் பற்றிக் கேட்டார். ஆறாவது படிக்கிறாள், இருமல் சுரம் எதுவும் இல்லை என்றேன். ஒரு நாள் அழைத்து வரச் சொன்னார். பிறகு கேட்டார்: "இந்தம்மாகூட நெருங்கிப் பழகுற, ஆறு வயசுக்குக் கீழ இருக்கிற கொழந்தைங்க யாராச்சும் உண்டா? கொழந்தைங்களுக்குத்தான் ஜல்தியா வரும். முன்னாடியே மாத்திரை குடுத்தா தடுத்துடலாம்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஒரே பொண்ணுதாங்க," என்றேன்.

அது பொய் இல்லை. அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள்: "சொல்லிடாதீங்க. டிபின்னு தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. நாளைக்கு நம்ம பொண்ணுக்கு எவன் வருவான்? அதுவும் அவகிட்ட. மருந்து வெச்சான்னு அவ்வளவு பேசிட்டு, இப்ப ஒட்டுற வியாதின்னு போயி நின்னா காறித் துப்புவா."

"கொழந்தைக்கு வந்துட்டா?"

"நான் வராம பாத்துக்கறேன்."

சந்தின் எங்கள் பக்கத்து வாசலில் அவளே முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தாள். மத்தியானம் குழந்தை வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று "பெரிம்மா, தொற, பெரிம்மா" என்று கூப்பிடும். இவள் உள்ளே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருமலை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியாது. குழந்தை கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். முன்னால் எத்தனை மாதம் அது அந்த அறையில் தூங்கியது என்று நான் விரல் விட்டு எண்ணுவேன், பாதியில் நிறுத்திவிடுவேன்.

டிபி என்று சொன்னதற்குப் பதினெட்டாம் நாள் காலையில் திறந்த ஜன்னல் வழியாக ஒரு இருமல் கேட்டது. சின்ன இருமல். கொஞ்சம் விட்டு இன்னொன்று. என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மழைக்காலம், குழந்தைக்குச் சளி பிடித்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அம்மா முன்னால் நின்று நான் கேட்டது என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வயிறு எரியட்டும் என்றுதானே கேட்டேன். வயிறு எரிவது என்றால் பெற்றவளுக்கு வேறு என்ன? கெடுதல் தம்பி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் என்று பலகை அடித்தேன். இங்கிருந்து அங்கே போவதற்கு ஒரு வழியையும் நான் அடைக்கவில்லை, மடியில் போட்டுத் தாலாட்டித்தான் அனுப்பியிருக்கிறோம். தாயே, நான் கேட்டதைத் தள்ளிவிடு, கேட்டவன் மூடன் என்று சொல்லிக்கொண்டே போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்றேன்.

தம்பி வேலைக்குக் கிளம்புவதற்காகப் பழைய சோறு தின்றுகொண்டிருந்தான். தம்பி மனைவி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எங்கள் வழக்கத்தில் கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேச மாட்டார்கள், தம்பியிடம் சொல்வது போலத்தான் சொல்வார்கள்.

"உங்க அண்ணிக்கு டிபி," என்றேன்.

தம்பியின் கை சட்டியிலேயே நின்றுவிட்டது. "எப்ப தெரிஞ்சிது?"

"பதினெட்டு நாளாச்சி."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பதினெட்டு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தாங்கன்னு கேளு."

"பயந்துக்கினு இருந்தேன்னு சொல்லு," என்றேன் தம்பியிடம்.

"எதுக்குப் பயமாம்? அதான் எல்லாம் நான் வெச்ச மருந்தாச்சே."

நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். குழந்தையைக் காட்ட வேண்டும், முன்னாடியே மாத்திரை கொடுத்தால் தடுக்கலாம், நர்சம்மாவிடம் சொல்லி நானே வாங்கி வருகிறேன் என்றேன்.

அப்போதுதான் அவள் வெளியே வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க வாங்கியாந்து குடுக்கிற மாத்திரைய எங்கொழந்த வாயில நான் போடணுமா மாமா? ஆசையா உருண்ட புடிச்சி குடுத்தேன், அதுல மருந்துன்னீங்க. உங்க மாத்திரையில இன்னா கீதுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. வர என்ன இருக்கிறது? இத்தனை மாதம் நான் கேட்ட கேள்வி அது.

"தெரியாதுதாம்மா," என்றேன். நானும் அவளிடம் நேராகப் பேசியது அன்றுதான். "என்னை நம்பாத. நீயே வந்து டாக்டரக் கேளு. ஆனா இன்னிக்கே வா."

அன்றே வந்தாள். பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் கடைசி சீட்டில். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் "கூட வந்தவரு யாரு?" என்று கேட்டதற்கு, "எங்க ஊர்க்காரரு" என்றாள். குழந்தையின் கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். நர்சம்மா என்னைப் பார்த்து, "ஒரே பொண்ணுன்னு சொன்னியேய்யா" என்றார்.

அந்த இரண்டு நாளும் நானும் என் மனைவியும் சோறு தின்றோமா என்று எனக்கு நினைவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போனபோது ஊசி போட்ட இடம் தடித்துச் சிவந்திருந்தது. டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். கிருமி குழந்தை உடம்புக்குள் போயிருக்கிறது, ஆனால் வியாதியாக மாறவில்லை, நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, இருமல் சாதாரணச் சளிதான் என்றார். இப்போதே ஆறு மாதம் தினம் மாத்திரை கொடுத்தால் போதும், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்.

தம்பி மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்த மாத்திர நீங்களா குடுக்கிறதா, இவரு சொல்லிக் குடுக்கிறதாம்மா?"

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு யாரு எனக்குச் சொல்றதுக்கு?"

மாத்திரை வாங்குகிற இடத்திலும் அவள், பக்கத்தில் நின்ற இன்னொரு தாயின் கையில் இருந்த மாத்திரை அட்டையை வாங்கி, தன் அட்டையோடு ஒட்டி வைத்து இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தாள். வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மாத்திரையைத் தண்ணீர் பாட்டில் மூடியில் போட்டுக் கல்லால் நசுக்கினாள். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டுத் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது.

"பஸ் கெளம்பப் போவுது," என்றேன்.

"போவட்டும். எனுக்கு ஒண்ணும் ஆவலன்னு மொதல்ல தெரியட்டும்."

பஸ் போய்விட்டது. அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் ஒரு பஸ்ஸையும் விட்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூடியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, குழந்தையின் வாயில் ஊற்றி, கசப்புத் தெரியாமல் இருக்க முதுகைத் தடவிக் கொடுத்தாள். குழந்தை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது. அவள் அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னும் நூத்தியெழுபத்தொம்பது நாளு," என்றாள், என்னிடமா குழந்தையிடமா என்று தெரியாதபடி.